சுழி

முன்பெல்லாம் போரா அடிக்கும் நாட்களில்
திரியெஸ்தெயின் ஏற்றங்களில் கயிறு கட்டிவைப்பார்களாம்.
இப்போது கயிறில்லை.
ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப்
பாய்ந்து பாய்ந்து பற்றிக்கொண்டு ஏறுகிறேன்.
முதுகுப்பையில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அறுபத்து மூன்றாம் பக்கத்தில்
ஓர் ஓட்டை.

ஓட்டையின் பெயர் ‘தெளிவாகவே’.
‘தெளிவாகவே, இந்தத் தொடர் ஒருங்குகிறது’
என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதியவள் நான்தான்.
எந்த மனநிலையில் எழுதினேன், நினைவில்லை.
அநேகமாகப் பசி.
நேற்றிரவு பதினொன்றே முக்காலுக்கு
அந்தச் சொல்லை விரலால் அழுத்திப் பார்த்தேன்.
ஓதம் ஏறிய சுவர் மாதிரி
உள்ளே போய்விட்டது விரல்.

உதவித்தொகை அக்டோபரோடு சரி.
பேராசிரியர் ஃபுர்லானிடம் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் ‘ம்’ என்பார்.
அந்த ‘ம்’முக்கு மூன்று பொருள் இருக்கிறது,
நான்கு வருடத்தில்
இரண்டைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

கீழ்வீட்டு ஒந்தினா
மீன் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள்.
படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம்
‘நீவெஸ், கணக்கு முடிந்ததா?’ என்பாள்.
அவள் கணக்கு சனிக்கிழமைதோறும் முடிந்துவிடுகிறது.

இன்று அவளுடைய படுக்கை விரிப்பு
கொடியைப் பிய்த்துக்கொண்டு போய்
எதிர்வீட்டு ஆண்டெனாவில் மாட்டியிருந்தது.
இருவரும் அண்ணாந்தபடி நின்றோம்.
ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.
தெரிந்ததைச் சொன்னேன்:
பூமியில் இந்தக் கணத்தில்
காற்றே வீசாத ஓர் இடம் கட்டாயம் உண்டு.
நிரூபித்திருக்கிறார்கள்.
உருண்டை முழுக்க மயிர் இருந்தால்
எப்படிப் படிய வாரினாலும் எங்கோ ஒரு சுழி விழும்.
அந்தச் சுழியில் காற்றின் வேகமும் சுழி.

‘எங்கே?’

அதைத் தேற்றம் சொல்லாது.
உண்டு என்று மட்டும் சொல்லும்.

‘எந்த நாடு என்றாவது?’

சொல்லாது. அதோடு அந்த இடம்
ஓரிடத்தில் நிற்பதும் இல்லை.
பூமி வளைய ரொட்டி மாதிரி நடுவில் துளையோடு இருந்திருந்தால்
இந்த உத்தரவாதமும் கிடையாது,
எங்கெங்கும் போராவாக இருந்திருக்கலாம்
என்றேன், நல்ல செய்தி சொல்கிற குரலில்.
(காற்று அங்கே நேர்மேலே எழும்பலாம்,
விரிப்பு செங்குத்தாகப் பறக்கலாம்.
அதை மட்டும் சொல்லவில்லை.)

ஒந்தினா ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.
‘கிடங்கில் கெட்ட மீன் ஒன்று உண்டு,
எந்தப் பெட்டி என்று கேட்காதே என்று
எங்கள் முதலாளியிடம் போய்ச் சொல்லிப் பார்.
ஒவ்வொரு பெட்டியாகத் திற,
மூக்கை வை என்பான்.’

சிரித்தேன்.
காற்று என் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டு
கடல் பக்கம் போனது.

இரவு, ஜன்னல் சட்டம் பல்லைக் கடிக்க,
பெட்டிகளைத் திறந்தேன்.
பரிமாணம் மூன்று: நாற்றமில்லை.
ஐந்து: இல்லை.
ஏழில் ஒரு குறி மாறியிருந்தது, என் கைப்பிழை.
நான்கைத் திறந்தேன்.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
ஆறையும் திறந்தேன், தெரிந்தே.

ஒற்றைப்படையில் நிற்கிறது.
இரட்டைப்படையில் தொடர் ஒருங்குவதே இல்லை,
போய்க்கொண்டே இருக்கிறது,
கேட்க ஆளில்லாத பிள்ளை மாதிரி.
முகப்புப் பக்கத்திலோ
‘எல்லாப் பரிமாணங்களிலும்’ என்று
தடித்த எழுத்தில்.

பாதித் தேற்றத்துக்கு
முழுப் பட்டம் தருவார்களா?
ஃபுர்லானுக்கு இதை அப்படியே எழுதி
மூன்று முறை அழித்து
நான்காம் முறை ‘நாளை பார்க்கலாமா’ என்று மட்டும் அனுப்பினேன்.
இரண்டு நிமிடத்தில் பதில்:
‘வா. திருத்திய விடைத்தாள்களையும் எடுத்து வா.’

நாற்பத்தேழு தாள் மிச்சம்.
மேலே கிடந்தது தாமியானோ என்கிற பையனுடையது,
மூன்றாம் கேள்வியில் இரண்டு வரிகளுக்கு நடுவே
அழகான கையெழுத்தில் ‘தெளிவாகவே’.
சிவப்புப் பேனாவால் ‘ஏன்?’ என்று எழுதினேன்.
மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் போனேன்.
குறைக்கவில்லை.
எதிரே ஆண்டெனாவில்
விரிப்பு இன்னமும் அடித்துக்கொண்டிருந்தது.